ஒரு பிரதி மட்டும்

...மூடப்பட்டது என்று மட்டும் எழுதினால் என்ன, ஒரே ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் வானமா இடிந்து விழப்போகிறது, 'கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்டது', முற்றுப்புள்ளி, படிக்கிறவனுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டுப் போகிறது... ஆனால் விரல் கேட்க வேண்டுமே. விரல் பாட்டுக்கு 'த' என்று அடித்தது, திரை பாட்டுக்கு மீதியை நிரப்பிக்கொண்டது: தற்காலிகமாக. அழித்தான். மறுபடி அடித்தான், மறுபடியும் அதே தற்காலிகமாக. இந்தக் கணினி அவன் மேசைக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, அதற்குள் அதற்கும் இந்த ஊரைப் பற்றித் தெரிந்துவிட்டது. மணி இரண்டரை. இன்றே கடைசி நாள், ஐந்து மணிக்குத் தொழிற்சாலையின் வருகைப்பதிவு பார்க்கிற நேர அலுவலக ஜன்னலை இழுத்து மூடிவிடுவார்கள், அதற்குள் மாமா, அக்காவின் கணவர், விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இருபத்தொன்பது வருட உழைப்புக்கு ஏதோ கொஞ்சமாவது கைக்கு வரும், போடாவிட்டால் வழக்கு, வாய்தா, பேரப்பிள்ளை தலையெடுக்கும்போது ஒரு தீர்ப்பு. மாமா போடமாட்டேன் என்கிறார். ஏன் போடமாட்டார் என்றால் பேப்பரில் தற்காலிகமாக என்று போட்டிருக்கிறதாம். மூடிய அன்று முதல் செய்தியில் அப்படிப் போட்டது யார்? இதோ இந்தக் கைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை கத்திவிட்டுச் சௌக்கியமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவன் கெடுகிறான்.

அக்கா ஒரு மணிக்குள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். முதல் முறை அழுதாள், இரண்டாம் முறை திட்டினாள், மூன்றாம் முறை ஒன்றும் பேசாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள், அதுதான் மூன்றிலும் மோசம். "நீ சொன்னா கேப்பாருடா, உன் பேச்சைத்தானே வேதவாக்கா நெனைக்கறாரு" என்றாள். எங்கே கேட்கிறார்? நேற்று சாயங்காலம் அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தலைபாடாக அடித்துக்கொள்ளவில்லையா... மாமா, அது திறக்காது, நான் சொல்றேன், கையெழுத்தைப் போடுங்க. மாமா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விடலாம் போலிருந்தது, அக்காவின் கணவராயிற்றே என்று கையை அடக்கிக்கொண்டான். "மாப்ளே, வாயால சொல்றது வேற, அச்சுல வர்றது வேற. வாயால நானும்தான் ஆயிரம் சொல்வேன். நீ அச்சுல என்ன போட்டிருக்கே? தற்காலிகமா. யோசிக்காமலா போட்டிருப்பே?" யோசிக்காமல்தான் மாமா. யோசித்திருந்தால் அந்த வேலையில் இருபத்தேழு வருடம் ஒருவனால் உட்கார்ந்திருக்க முடியுமா. ஆனால் அதை எப்படிச் சொல்வது, கல்யாணமாகி வந்த புதிதில் அவனுடைய நாலு வரிச் செய்தியை வாசற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் படித்துக் காட்டிய மனிதரிடம், 'நமது நிருபர்' என்று அச்சாகியிருந்த இடத்தைத் தொட்டு "இது என் மச்சினன்" என்று சொன்ன மனிதரிடம்?

இதில் கூத்து என்னவென்றால் மாமா உலைக்காரர். கண்ணாடி உலையைப் பற்றி இந்த ஊரிலேயே அவரை விடத் தெரிந்தவர் இல்லை. நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணில் வைத்துப் பார்வைத் துளை வழியாக உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும், குழம்பு எந்தப் பக்கம் கனத்திருக்கிறது, எந்தச் செங்கல் எப்போது கரையும் என்று ஜோசியம் மாதிரிச் சொல்வார். உலையை அணைக்கவே கூடாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். வேலைநிறுத்தமா, வெள்ளமா, எதுவானாலும் தீயைக் குறைப்பார்களே தவிர அணைக்கமாட்டார்கள், அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு பாறையாக இறுகிச் செங்கல்லோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கடப்பாரை போட்டு உடைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த உலை அணைந்து இன்றோடு பதினொரு நாள். புகைபோக்கி உச்சியில் எப்போதும் காற்று நெளிந்துகொண்டிருக்குமே, அது நெளியவில்லை, பேருந்தில் போகிற பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? மாமாவுக்கு வேண்டியிருக்கிறது. அச்சடித்த கண்ணாடி.

காலையில் ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்டும் பார்த்துவிட்டான். நகரமைப்பு அலுவலகத்தில் அந்த நிலத்தைக் குடியிருப்பு மனையாக மாற்றச் சொல்லி நான்கு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் போயிருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், குமாஸ்தா திறந்து காட்டினார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது அவர் 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் செய்கிற வேலை. "நகல் இருக்கா?" தரமாட்டேன் என்றுவிட்டார். "பேர் போட்டுக்கச் சொன்னாரா?" அவருக்கும் குடும்பம் இருக்கிறதே. "அப்போ நிர்வாகம் என்ன வார்த்தை சொல்லுதோ அதுதான் நம்ம வார்த்தை. உங்களுக்குத் தெரியாதா? இந்த விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே." உண்மை. அவர் இவனைவிட ஏழு வயது இளையவர், சேர்ந்த புதிதில் இவன்தான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னான், தொழிற்சாலைச் செய்தியில் நம் அபிப்பிராயம் வரக்கூடாது தம்பி, அறிவிப்புப் பலகையில் இருக்கிற வார்த்தையை அப்படியே தூக்கி வை, நாளைக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. எவ்வளவு புத்திசாலித்தனம். எவ்வளவு சுத்தமான கைகள்.

முதல் மூன்று வருடம் திறப்பு விழாவாகவே எழுதித் தள்ளினான், நாடா வெட்டுவது, பொத்தானை அமுக்குவது, இத்தனை பேருக்கு வேலை... அப்போது செய்தி அறையில் பதினான்கு பேர், நாற்காலிக்குச் சண்டை, தொழில் செய்திக்கு என்று தினமும் ஒரு முழுப் பக்கம், அந்தப் பக்கம் அவனுடையது. கடிதம் போட்டுத் தலைநகரப் பதிப்புக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை, இந்த ஊர்க் கதையை யாராவது எழுத வேண்டாமா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். எழுதினான். நூற்பாலை, அப்புறம் கயிறு, அப்புறம் மிதிவண்டிச் சங்கிலி, டயர், தகர டப்பா, தாழ்ப்பாள் கீல், வரிசையாக. தினப் பக்கம் வாரப் பக்கமாயிற்று, வாரப் பக்கம் அரைப் பக்கமாயிற்று, இப்போது மனை விளம்பரத்துக்கு அடியில் மிச்சம் இருந்தால் உண்டு. பதினான்கு பேர் மூன்று பேரானார்கள். காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னலை மறைத்திருக்கிறார்கள், பகலிலேயே விளக்கு எரிகிறது. இதுவரை முப்பத்தொரு ஆலை. முப்பத்தொன்றும் தற்காலிகமாக. ஒன்று திறந்ததா? ஒன்றே ஒன்று? சங்கிலித் தொழிற்சாலை திறந்தது, கிடங்காக.

சங்கிலி என்றதும் அந்த மனிதர் வந்துவிடுகிறார், வராமல் இருப்பதே இல்லை. சங்கிலித் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர், ஒல்லியாக, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தொழிற்சாலை மூடி ஒன்றரை வருடம் கழித்து வரவேற்பறைக்கு வந்து நின்றார், சட்டைப்பையின்மேல் பணி எண் தைத்திருந்தது, தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. பழைய செய்தித்தாளைப் பிரித்து அந்த வார்த்தையின்மேல் விரலை வைத்து, "கோச்சுக்காதீங்க சார், தற்காலிகம்னா எவ்வளவு நாள் சார்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். சும்மா தெரிந்துகொள்ளத்தான். சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நிர்வாகத்தைத்தான் கேட்கணும் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினான். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறமும் எத்தனை தற்காலிகமாக எழுதினான்? இருபத்தைந்தா, இருபத்தாறா... போதும். மணி மூன்று பத்து. எண்ணி என்ன ஆகப்போகிறது?

அச்சில் வந்தால்தான் நம்புவாராம். அச்சில் வருவது நாளைக் காலை, ஜன்னல் மூடுவது இன்றைக்கு மாலை, தலையால் தண்ணீர் குடித்தாலும்... அச்சில் வந்தால். வந்தால்தானே. வந்த மாதிரி இருந்தால்? அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த அறையில் பக்க வடிவமைப்பாளர் அம்மா விளம்பரத்துக்குப் பூங்கொத்து ஒட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் முழு அளவுச் சரிபார்ப்புப் பிரதி எடுக்கிற இயந்திரம், செய்தித்தாள் காகிதத்திலேயே, அதே அகலத்தில், அதே எழுத்தில். சே, என்ன புத்தி இது, இருபத்தேழு வருடம் ஒரு காற்புள்ளியைக்கூட இட்டுக்கட்டாதவன்... இட்டுக்கட்டுவதா? உண்மையைத்தானே எழுதப்போகிறான்? விரல் இந்த முறை அவனைக் கேட்காமல் ஓடியது. 'கண்ணாடித் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்பட்டது. உலை அணைக்கப்பட்டுப் பதினொரு நாட்களாகின்றன. தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பு மனையாக மாற்ற நிர்வாகம் நான்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துள்ளது. ஆலை இனித் திறக்க வாய்ப்பில்லை.' நான்கு வாக்கியம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமா இது?

வடிவமைப்பாளர் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அலுவலகத்தில் அவனுக்குத் 'தற்காலிகம் சார்' என்று பெயர் வைத்தவளே அவள்தான், ஆனால் இப்போது கிண்டல் செய்யவில்லை. "இது போகாதே சார்." "போகாது. ஒரு பிரதி மட்டும். எங்க மாமாவுக்கு." அவளுக்கு விஷயம் தெரியும், செய்தி அறையில் மூன்று பேர் இருக்கும்போது யாருடைய விஷயம்தான் யாருக்குத் தெரியாது. "ஆசிரியர் பாத்தா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிடும் சார், உங்களுக்காவது பையன் சம்பாதிக்கிறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்தின் உச்சியில் ஐந்து பத்தி அகலத்துக்குத் தலைப்பைப் போட்டாள், நாளைத் தேதியைப் போட்டாள், கீழே மனை விளம்பரத்தைக்கூட மறக்காமல் வைத்தாள். "நமது நிருபர்னுதானே?" "நமது நிருபர்னுதான்." இயந்திரம் முனகி முனகி ஒரு தாளைத் துப்பியது. வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேர்த்தியாக இருந்தது தெரியுமா, அவன் எழுதியதிலேயே நல்ல செய்தி அதுதான். படிக்கப்போவது ஒருவர்.

வண்டியை எடுத்தபோது நான்கு அடிக்க ஐந்து நிமிடம். ஆலைச் சாலை நேர் கோடு, இரண்டு பக்கமும் அவன் எழுதிய செய்திகள் நின்றன, சுவரில் செடி முளைத்து, பெயர்ப்பலகையில் பாதி எழுத்து விழுந்து... நூற்பாலையில் கார் கழுவுகிறார்கள், கயிற்றுத் தொழிற்சாலையில் கூரை போய்விட்டது, தாழ்ப்பாள் கம்பெனிக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, சங்கிலியால் கட்டியிருக்கிறது, அந்தச் சங்கிலியும் வெளியூர்ச் சங்கிலி. இருபத்தேழு வருடத்தில் இந்தச் சாலைக்கு அவன் செய்தது என்ன? ஒவ்வொரு சாவுக்கும் வந்தான், ஒவ்வொரு முறையும் 'தூங்குகிறார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சட்டைக்குள் தாள் மடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம், அக்கா வீட்டு அடுப்பு எரிந்தால் போதும். இதுவரை செய்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு ஆளையாவது கரையேற்றினோம் என்று இருக்குமே.

வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். சுவரோர நிழலில் குந்தியவர்கள், நின்றவர்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய் நைந்த அவனுடைய பேப்பர், அதே மூன்றாம் பக்கம். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே நேரக் குமாஸ்தா படிவக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், வரிசையே இல்லை. மாமா அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தேநீர்க் கடைக்குப் பின்னால் கூட்டிப் போய்த் தாளைப் பிரித்துக் கொடுத்தான், நாளைப் பேப்பர் மாமா, சரிபார்க்க எடுத்த பிரதி. மாமா படித்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உலைத் துளைக்குள் பார்ப்பதுபோலவே, வரி வரியாக. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. கடைசி வரியை இரண்டு முறை படித்தார் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெள்ளை. ஐயோ, இது தோன்றாமல் போயிற்றே, பேப்பருக்கு மறுபக்கம் இருக்குமே, உலகத்தில் எந்தப் பேப்பர் ஒரு பக்கத்தோடு வந்திருக்கிறது, இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடவா...

"பின்னாடி ஒண்ணும் இல்லையே மாப்ளே."

"சரிபார்க்கிற பிரதி அப்படித்தான் மாமா இருக்கும்."

"காலையில இது வருமா?"

"வரும்" என்றான். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் பொய் இவ்வளவு மிருதுவாக வந்தது. மாமா அவனையே பார்த்தார். சிறிது நேரம்தான், ஆனால் அவனுக்கு அக்காவின் கல்யாணத்தில் இருந்து இன்றுவரை எல்லாம் அதற்குள் ஓடிவிட்டது. பிறகு தாளை வந்த மடிப்பிலேயே மடித்து அவன் சட்டைப்பையில் அவரே செருகினார், ஜன்னலுக்கு நடந்தார், கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டு பேனாவை நீட்டினார். ஒரு கையெழுத்து, இரண்டு, மூன்றாவது இடத்தில் பேனா நின்றது, ஐயோ நின்றுவிட்டதே... இல்லை, தேதி என்ன என்று கேட்கிறார். போட்டுவிட்டார். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்த மாமாவின் கண் சிவந்திருந்தது. "அணைச்ச அன்னிக்கே தெரியும்டா. கடைசி வால்வை மூடினதே இந்தக் கைதான். எனக்குத் தெரியாததை நீ எழுதிட்டியா?" என்றார், "தெரிஞ்சா மட்டும் ஆச்சா? எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கறது? வேற யாராவது சொல்லட்டும்னு பாத்தேன். நீ எழுதினியே ஒரு வார்த்தை, அதைப் பிடிச்சுக்கிட்டு பதினொரு நாள் தூங்கினேன் மாப்ளே." அப்படியானால் அந்த வார்த்தை அவருக்கு நல்லதா செய்தது, கெட்டதா? கையெழுத்துதான் ஆகிவிட்டதே, போகலாம், அக்காவுக்குப் போன் போடலாம்.

போகவிடவில்லை. நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் நடந்தது என்ன என்று பார்த்திருக்கிறார்கள், உலைக்காரரே போட்டுவிட்டார் என்றால் சும்மாவா? பாட்டில் பரிசோதகர் ஒருவர், விளக்கு வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்துப் பார்த்துப் பார்த்தே கண் கெட்ட மனிதர், எல்லோர் சார்பிலும் எழுந்து வந்தார். "பேப்பர் சார், வணக்கம். உங்க மாமா கையெழுத்துப் போட்டுட்டாரே... உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்? நாளைக்குப் பேப்பர்ல என்ன வருது?" சட்டைப்பையில் தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும், நாற்பது கைப்பேசியில் படம் எடுப்பார்கள், ஐந்து மணிக்குள் வரிசை தெரு முனை வரை நிற்கும், ஆறு மணிக்கு அது ஆசிரியர் மேசையில் இருக்கும், ஏழு மணிக்கு வடிவமைப்பாளர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பாள், அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள், நகரமைப்புக் குமாஸ்தாவுக்கு வேலை போகும்... ஆனால் இந்த நாற்பது பேர்? இவர்கள் வீட்டிலும் தானே யாராவது மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பார்கள்? கொடுத்துவிடு. வாயைத் திற. தாளைக்கூடக் கொடுக்க வேண்டாம், போடுங்க ஐயா, கையெழுத்தைப் போடுங்க, திறக்காது, இரண்டு வார்த்தை... வாயைத் திறந்தான்.

"நிர்வாகம் தற்காலிகமான்னுதான் சொல்லுது" என்றது அவன் வாய்.

பரிசோதகரின் தோள் தளர்ந்தது. "அதானே பாத்தேன். நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அவர்களிடம் சொன்னார், யாரோ "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார், ஒருவர் சிரித்தார், நின்றவர்களில் இரண்டு பேர் நிம்மதியாகக் கீழே உட்கார்ந்தார்கள். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், திட்டித் தொலைத்திருக்கலாம். ஆசிரியர் இங்கே இல்லை. விதி எழுதிய தாள் இங்கே இல்லை, நோட்டீஸ் அனுப்புகிற வக்கீல் இங்கே இல்லை. இத்தனை வருடம் அவர்கள்தான் அந்த வார்த்தையைத் தன் கையில் திணித்தார்கள் என்று அல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்... அவன் ஜன்னலைப் பார்த்தான், குமாஸ்தா படிவக் கட்டை நூலால் கட்டத் தொடங்கியிருந்தார். ஐந்து அடிக்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.